கால் டன் டிரக்: வில்லிஸ் ஜீப்பை வீட்டிலேயே மீட்டெடுத்தல்

அமெரிக்கத் தரைப்படையின் பதிவேடுகளில் ஜீப்புக்கு "டிரக், கால் டன், நான்குக்கு நான்கு" என்று பெயர். கால் டன் சுமக்கும், நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் இழுவை போகும் என்பது பொருள். 1941 முதல் 1945 வரை ஒஹையோ மாநிலம் டொலிடோவில் வில்லிஸ்-ஓவர்லேண்ட் நிறுவனமும், அதே வரைபடத்தின்படி ஃபோர்டு நிறுவனமும் சேர்ந்து ஏறக்குறைய 6,40,000 வண்டிகளைக் கட்டின. வில்லிஸ் கட்டியதற்கு எம்.பி. என்றும் ஃபோர்டு கட்டியதற்கு ஜி.பி.டபிள்யூ. என்றும் பெயர். பர்மா போர்முனைக்காக இந்தியாவில் இறக்கப்பட்டவற்றில் ஒரு பகுதி, போர் முடிந்ததும் எஸ்டேட்டுகளுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும் பட்டறைகளுக்கும் கைமாறியது. 1940களின் இறுதியிலிருந்து மும்பையில் மஹிந்திரா கட்டிய ஜீப்புகளும் இவற்றோடு சந்தையில் கலந்தன.

இந்த வண்டியின் பெரிய குணம், ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்துவது. ரிப்பேர் செய்பவருக்கு வசதியான அதே குணம், மீட்டெடுப்பவருக்குத் தொல்லை. எண்பது ஆண்டு ஓடிய ஜீப்பில் சேசிஸ் ஃபோர்டு, எஞ்சின் வில்லிஸ், கியர் பாக்ஸ் மஹிந்திரா, பாடி உள்ளூர் டிங்கர் அடித்தது என்று இருப்பது சாதாரணம். ஆகவே ஸ்பானரை எடுக்கும் முன் வண்டியைப் படிக்க வேண்டும்.

எந்த வண்டி?

முன்பக்கம் குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே பார்ப்பதில் தொடங்கலாம். சேசிஸின் இரண்டு சட்டங்களையும் முன்னால் இணைக்கும் குறுக்குத் துண்டு உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்து வைத்த 'ப' வடிவத் தகடாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட் தலைகளிலும் பல பாகங்களிலும் 'எஃப்' என்ற எழுத்தை அடித்து அனுப்பியது. ஒரு கம்பித் தூரிகையும் சிறிது மண்ணெண்ணெயும் இருந்தால் அந்த எழுத்து வெளியே வந்துவிடும். வில்லிஸின் சேசிஸ் எண், இடது சட்டத்தின் உட்புறம் பம்பருக்குப் பின்னால் ரிவிட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். அந்தத் தகடு கழன்று தொலைந்துபோன வண்டிகள் ஏராளம். ஃபோர்டு, சட்டத்தின் மேல்முகத்திலேயே எண்ணைக் கொத்தியது. எஞ்சின் எண் பிளாக்கின் வலப்புற முன்பகுதியில், ஆயில் ஃபில்ட்டர் நிற்கும் இடத்தருகே இருக்கும்.

போருக்குப் பிந்திய வண்டியைப் போர்க்கால வண்டி என்று விற்பவர்கள் உண்டு. பின்பக்கம் திறந்து மூடும் கதவு, பாடியின் பக்கவாட்டில் பெட்ரோல் ஊற்றும் வாய், முன் கிரில்லில் ஏழு துளைகள் ஆகியவை பொதுமக்களுக்காகக் கட்டிய வகையின் அடையாளங்கள். போர்க்கால வண்டியில் பின்கதவு கிடையாது. ஓட்டுநர் இருக்கையைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். தகட்டில் அச்சடித்த கிரில்லில் ஒன்பது துளைகள் இருக்கும். வில்லிஸ் கட்டிய முதல் இருபத்தைந்தாயிரம் சொச்சம் வண்டிகளில் மட்டும் பட்டைக் கம்பிகளை வெல்டு செய்த கிரில் இருந்தது. பானெட் வழக்கத்தைவிட உயரமாக, பெட்டிபோல நின்றால் அது சி.ஜே.-3பி, அதாவது மஹிந்திரா நெடுங்காலம் கட்டிய வகை. இந்தியத் தரைப்படையும் மஹிந்திரா ஜீப்புகளைப் பயன்படுத்தியதால் "மிலிட்டரி வண்டி" என்று சொல்பவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது. அது வேறு மிலிட்டரி.

ஹெட்லைட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது. போர்க்கால ஜீப்பில் விளக்கைத் தாங்கும் பிராக்கெட்டுக்குக் கீல் உண்டு. சிறகு நட்டைத் தளர்த்தி விளக்கைப் பின்னோக்கித் திருப்பினால் வெளிச்சம் நேராக எஞ்சின் மீது விழும். இருட்டில் எஞ்சினைக் கழற்ற வேண்டி வரும் என்று முன்கூட்டியே நினைத்தவர் வரைந்த வண்டி அது. கீல் இருந்தால் முகப்பு பழையது என்று நம்பலாம்.

காகிதங்கள்

வாங்கும் முன்பே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் சட்டத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது உதிரிபாகக் குவியல் மட்டுமே.

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய, வணிகப் பயன்பாடு இல்லாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் இதில் பதியலாம். புதிதாகப் பதிய ரூ. 20,000, மறுபதிவுக்கு ரூ. 5,000, பதிவு பத்து ஆண்டு செல்லும். ஏற்கெனவே எண் உள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிய எண்ணில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும். கண்காட்சி, பழைய வாகனப் பேரணி, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு ஓட்டலாம்; அன்றாடப் போக்குவரத்துக்கு அனுமதி இல்லை. இதில் கவனிக்க வேண்டிய நிபந்தனை, சேசிஸோ பாடியோ எஞ்சினோ மாற்றியமைக்கப்படாமல் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது. பெட்ரோல் செலவுக்குப் பயந்து டீசல் எஞ்சின் மாட்டிய ஜீப்புகள் தமிழ்நாட்டு மலைப்பாதைகளில் நிறைய ஓடுகின்றன. அவற்றில் ஒன்றை மீட்டெடுக்க நினைப்பவர் பழைய எஞ்சினைத் தேடும் செலவையும் முதலிலேயே கணக்கில் எழுத வேண்டும்.

போர்க்கால ஜீப்பின் ஸ்டியரிங் இடப்பக்கம். இந்தியாவில் பெரும்பாலானவை வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டன. இடப்பக்க ஸ்டியரிங் உள்ள வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட, இயங்கும் நிலையில் சைகை விளக்கோ சைகைக் கருவியோ இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. மூல நிலைக்குத் திருப்புவதா, மாற்றத்தை வண்டியின் வரலாறாக ஏற்பதா என்பதை இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். டேஷ்போர்டு, பெடல் துளைகள், ஸ்டியரிங் பாக்ஸின் தாங்கி எல்லாம் அந்த முடிவைப் பொறுத்தவை.

பிரித்தல்

ஜீப் ஏறக்குறைய 3.35 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம். பிரித்துப் போட்டால் அதற்கு மூன்று மடங்கு இடம் கேட்கும். ஒரு கார் நிற்கும் கொட்டகை, சுவரோரம் இரும்பு அலமாரி, ஒரு செயின் பிளாக், நான்கு உறுதியான ஸ்டாண்டு, மழை உள்ளே வராத கூரை ஆகியவை போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

பழுது பார்க்கும் நூல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அமெரிக்கத் தரைப்படை வெளியிட்ட டி.எம். 9-803 என்ற கையேடு ஓட்டுதலையும் பராமரிப்பையும் சொல்கிறது. எஞ்சினுக்கு டி.எம். 9-1803ஏ, மற்ற பாகங்களுக்கு 1803பி. உதிரிபாகங்களுக்கான தொகுதி எண் ஜி-503. வெளிநாட்டு வியாபாரிகளிடம் இந்த எண்ணைச் சொன்னாலே எந்த வண்டி என்று புரிந்துகொள்வார்கள். பதினெட்டு வயதுச் சிப்பாய்க்குப் புரிய வேண்டும் என்று எழுதப்பட்ட கையேடுகள் இவை; படங்கள் தெளிவானவை.

பிரிப்பதற்கு ஒரு வாரம் போதும். எழுதி வைப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். பாதியில் நின்றுபோன ஜீப் ஒன்றைப் பார்த்தால், அது பெரும்பாலும் பிரித்த நிலையில்தான் நிற்கும். கழற்றியவருக்கு எது எங்கே இருந்தது என்று மறந்துபோயிருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் இரண்டு கோணங்களில் படம் எடுத்து, போல்ட், வாஷர், நட்டை ஒரே பையில் போட்டு, பைக்குள் பென்சிலால் எழுதிய சீட்டை வைக்க வேண்டும். பேனா மை எண்ணெயில் கரையும், பென்சில் எழுத்து கரையாது. தேய்ந்த பாகத்தையும் புதியது வந்து பொருந்தும் வரை தூக்கிப் போடக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு மாதிரி கிடைக்காது.

சக்கரத்தில் ஒரு பொறி உண்டு. இடப்பக்க இரு சக்கரங்களின் ஸ்டட்களிலும் இடது மரை. வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருப்பினால் நட்டு இன்னும் இறுகும். "துரு பிடித்துக்கொண்டது" என்று நினைத்து ஸ்பானரில் குழாயைச் செருகி ஆள் ஏறி நின்றால் ஸ்டட் முறிந்துவிடும். இந்த நட்டு வலஞ்சுழியாகக் கழலும். பல நட்டுகளில் 'எல்' என்று அடித்திருக்கும், ஆனால் எண்பது ஆண்டு பெயிண்டுக்கு அடியில் அது தெரியாது. வேறொரு வகை ஆபத்து ரிம்மில் இருக்கிறது. போர்க்காலச் சக்கரங்களில் பலவற்றின் ரிம் இரண்டு துண்டாக, எட்டு போல்ட்டுகளால் சேர்ந்திருக்கும். அந்த வெளிவட்ட போல்ட்டுகளைத் தொடும் முன் வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும். காற்றோடு கழற்றினால் ரிம் பிளந்து முகத்தில் பாயும்.

பாடியை சேசிஸிலிருந்து விடுவித்தபின் ஐந்தாறு பேர் கைகொடுத்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

சேசிஸும் பட்டைகளும்

அழுக்கைச் சுரண்டிய பிறகு சட்டத்தின் நேர்மையை அளக்க வேண்டும். முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் நூல் பிடித்து அளந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொறுக்கலாம். அதற்கு மேல் என்றால் லாரி சேசிஸ் நிமிர்த்தும் பட்டறைக்குப் போக வேண்டும். விரிசல் விழும் இடங்கள் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளும், பின் குறுக்குச் சட்டமும், ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடமும். விரிசல் முனையில் சிறு துளையிட்டு நிறுத்தி, முழு ஆழத்துக்கு வெல்டு செய்வதே முறை. மேலே தகடு ஒட்டி மூடினால் தண்ணீர் உள்ளே தங்கி இன்னொரு விரிசலைத் தயாரிக்கும்.

சேசிஸை மணல் வீசிச் சுத்தம் செய்யலாம். ஆற்றுமணலின் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் இரும்புத் துகளோ கார்னெட்டோ பயன்படுத்தும் பட்டறையைத் தேட வேண்டும். பாடியின் மெல்லிய தகட்டில் அதே வேகத்தில் வீசினால் தகடு சூடேறி அலை அலையாக நெளிந்துவிடும். அதற்கு ரசாயனமும் கம்பித் தூரிகையுமே பாதுகாப்பு.

முன்பக்க இடது, வலது பட்டைகள் ஒரே மாதிரியானவை அல்ல. கழற்றும்போதே குறித்து வைக்காமல் மாற்றிப் போட்டால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். செக்கிள்களிலும் சில இடது மரை கொண்டவை. நேராக ஓட மறுக்கும் ஜீப்பைப் பார்த்ததும் பலர் ஸ்டியரிங் பாக்ஸைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளிகள் நடுவில் உள்ள பெல்கிராங்க், டை ராட் முனைகள், முன் ஆக்சிலின் கிங்பின் பேரிங் ஆகிய மூன்றும்தான். கிங்பின்னில் ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து, கையால் திருப்பும்போது சிறிது இறுக்கம் தெரியுமாறு வைக்க வேண்டும்.

பிரேக்

வரிசைப்படி எஞ்சின் அடுத்து வர வேண்டும் என்று தோன்றும். எஞ்சின் உயிர்பெற்றதும் வண்டியை ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவது கடினம் என்பதால் பிரேக்கை முதலில் முடித்துவிடுவதே அறிவு. நான்கு சக்கரங்களிலும் ஒன்பது அங்குல டிரம், எல்லாவற்றுக்கும் ஒரே ஹைட்ராலிக் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போய்விடும். ஆகவே பழைய ரப்பர் ஒன்றுகூட வண்டியில் மிஞ்சக் கூடாது. முன் வீல் சிலிண்டரின் உள்விட்டம் ஓர் அங்குலம், பின்னது முக்கால் அங்குலம். மாற்றிப் போட்டால் பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழலும். குழிவிழுந்த சிலிண்டரை லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போடலாம். இரும்புக் குழாய்களைப் பழைய வளைவிலேயே புதிதாக வளைத்து, முனைகளை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதும் கம்ப்ரசர் காற்றடிப்பதும் பட்டறைப் பழக்கம். அதை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட வேண்டும். டாட் 3 அல்லது 4 எண்ணெய் ஊற்றியதில் சிலிக்கான் வகையான டாட் 5 கலக்கக் கூடாது. கை பிரேக் சக்கரத்தில் இல்லை. இழுவையை இரண்டு ஆக்சிலுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னோக்கிப் போகும் ஷாஃப்டை அது பிடிக்கும். வண்டி ஓடும்போது அதை இழுத்தால் ஆக்சில் முழுவதும் அதிர்ச்சி வாங்கும். நிறுத்தி வைப்பதற்கு மட்டும்தான் அது.

எஞ்சின்

நான்கு சிலிண்டர், 2199 சி.சி., 60 குதிரைத்திறன். வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட் என்பது வெறும் மூடி. அதைத் தூக்கினால் பிஸ்டன், வால்வு, சிலிண்டர் சுவர் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். வீட்டில் எஞ்சின் வேலை கற்க இதைவிட எளிய பாடம் கிடைக்காது.

ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினை வந்த அன்றே சுழற்றக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் பாதிப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி ஒரு வாரம் விட வேண்டும். பிறகு கிராங்க் கம்பியால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்கலாம். அசைந்தால் பிஸ்டன் பிழைத்தது. வால்வுகள் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் ஹெட்டைத் தூக்கிய பிறகு எண்ணெய்விட்டு மரக்கட்டையால் தட்டி இறக்க வேண்டும். சுத்தியலின் இரும்பு வால்வில் படக் கூடாது.

ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டருக்கும் வால்வு சீட்டுக்கும் இடையிலுள்ள குறுகிய சுவரில் விரிசல் தேட வேண்டும். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ உள்ள நல்ல எஞ்சின் பட்டறையில் பிளாக்கை அழுத்தச் சோதனை செய்து, சிலிண்டரை அளந்து, போர் அடிப்பதா லைனர் போடுவதா என்று சொல்வார்கள். கிராங்க் ஷாஃப்டை அரைத்தால் அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் கைக்கு வந்த பிறகே அரைக்கக் கொடுக்க வேண்டும். அரைத்துவிட்டுப் பேரிங் தேடுவது தாலியை மறந்துவிட்டுக் கெட்டிமேளம் கொட்டச் சொல்வதுபோல.

வாட்டர் ஜாக்கெட்டில் ஒரு தேநீர்க் கோப்பை அளவுக்கு மேல் சேறும் துருவும் படிந்திருப்பது வழக்கம். அதை அள்ளி எடுக்காமல் ரேடியேட்டரைப் புதிதாக்கிப் பயனில்லை. "ஜீப் என்றால் சூடேறும்" என்ற பேச்சின் பாதி, பின் சிலிண்டரைச் சுற்றித் தேங்கிய இந்தச் சேற்றைப் பற்றியதுதான்.

பூட்டும்போது தேவைப்படும் அளவுகள் சில. டேப்பெட் இடைவெளி குளிர்ந்த நிலையில் அங்குலத்தில் 0.014, பிளக் 0.030, பாயிண்ட் 0.020, சுடும் வரிசை 1-3-4-2. இந்த வரிசையை 1-3-2-4 என்று மாட்டிவிட்டு கார்புரேட்டரைத் திட்டுபவர்கள் உண்டு. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று சுற்றில், டார்க் ஸ்பானரால் இறுக்க வேண்டும். எஞ்சின் ஒருமுறை சூடேறி ஆறியதும் மறுபடி ஒரு சுற்று. எண்ணெய் ஃபில்ட்டரோடு சேர்த்து 4.7 லிட்டர், ரேடியேட்டருக்கு 10.4 லிட்டர்.

பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கையின் கீழ் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். குழியின் வடிதுளை அடைத்துக்கொண்டால் மழைநீர் தேங்கி, டேங்க் கீழிருந்து அரிக்கும். பழைய டேங்கை வெல்டருக்கு எடுத்துச் செல்வது பட்டறை விபத்துகளில் மிகப் பழையது. காலி டேங்கில் திரவம் இல்லை என்பதால் ஆவியும் இல்லை என்று ஆகாது. அந்த வேலையைத் தெரிந்த ரேடியேட்டர் கடைக்காரரிடம் விட்டுவிட வேண்டும். இன்று பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய பம்பின் டயஃப்ரமும் ரப்பர் ஹோஸும் அதில் ஊறிப் பிசுபிசுத்துவிடும். எத்தனால் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குவது அவசியம். வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடலாம்.

கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சில்

மூன்று முன் கியர். இரண்டிலும் மூன்றிலும் மட்டுமே சிங்க்ரோ உண்டு. முதல் கியர் வண்டி நின்ற பிறகுதான் சத்தமில்லாமல் விழும். பக்கத்தில் இரண்டு குட்டி லீவர்கள்: ஒன்று முன் ஆக்சிலைச் சேர்க்க, மற்றொன்று தாழ்வேக விகிதத்துக்கு. முன் ஆக்சிலைச் சேர்க்காமல் தாழ்வேகம் விழக் கூடாது. விழுந்தால் உள்ளே பூட்டுத்துண்டு தொலைந்துபோயிருக்கிறது. கியர் பாக்ஸின் எண்ணெய் மெல்ல டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு நகர்வது இந்த வண்டியின் பிறவிக்குணம். இரண்டுக்கும் இடையிலுள்ள சீலும் பேரிங்கும் புதிதாக இருந்தால் அது பெரிதும் குறையும். எண்ணெய் 90 தடிமன், ஜி.எல்.-4 வகை. ஜி.எல்.-5 எண்ணெயின் சேர்மானங்கள் சிங்க்ரோவின் வெண்கலத்தைத் தின்னும்.

கிரவுன், பினியன் இரண்டும் சத்தமில்லாமல் இருந்தால் அவற்றைத் தொடாமல் சீல்களை மட்டும் மாற்றுவது நல்லது. ஜோடியாகத் தேய்ந்த பற்களைப் பிரித்து மறுபடி சேர்க்கும்போது ஊளையிடத் தொடங்கும்.

ஆறு வோல்ட்

மூல மின்சாரம் ஆறு வோல்ட், நெகட்டிவ் எர்த். பல ஜீப்புகள் பன்னிரண்டுக்கு மாற்றப்பட்டுவிட்டன. ஆறு வோல்ட்டில் செல்ஃப் மோட்டார் சோம்பும் என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் கம்பி. அதே ஆற்றலுக்கு ஆறு வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். பன்னிரண்டு வோல்ட் காருக்கான மெல்லிய பேட்டரி கேபிளை மாட்டினால் வோல்ட்டேஜ் வழியிலேயே கரைந்துபோகும். கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள் போட்டு, எர்த் இடங்களில் பெயிண்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கினால் மோட்டார் கோழி கூவும் முன் எழுந்துவிடும். பெயிண்ட் அடித்த பிறகு விளக்குகள் எரியாமல் போவதற்கும் இதே எர்த்துதான் காரணம்.

விளக்கு சுவிட்சில், போர்க்கால இருட்டடிப்பின்போது தவறி ஹெட்லைட் எரிந்துவிடாமல் தடுக்க ஒரு பூட்டுப் பொத்தான் உண்டு. பொத்தானை அழுத்தாமல் சுவிட்சை இழுத்து உடைத்துவிட்டு "மக்கர்" என்று சொல்வது வழக்கம். பானெட்டுக்கும் சேசிஸுக்கும் இடையே தொங்கும் பின்னல் பட்டைகளைக் குப்பை என்று வெட்டி எறியக் கூடாது. ரேடியோவில் எஞ்சின் இரைச்சல் விழாமல் இருக்கப் போட்டவை அவை.

பாடி

தரைத்தகட்டை ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்த்தால் பெயிண்டுக்கு அடியில் எவ்வளவு இரும்பு மிச்சம் என்று தெரியும். துரு அதிகம் குடியிருப்பது கண்ணில் படாத இடத்தில். தரையைத் தாங்க, கவிழ்த்த தொப்பி வடிவில் தகட்டுக் கால்வாய்கள் ஓடுகின்றன. அவற்றின் உள்ளே கட்டைகளைத் திணித்து அனுப்பினார்கள். எண்பது மழைக்காலமாக நீரைக் குடித்துக் குடித்து அந்தக் கட்டைகள் பஞ்சாகியிருக்கும். சுற்றியுள்ள தகடு விரலால் நொறுங்கும். மேல்தகட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கால்வாயை அப்படியே விட்டால் இரண்டே மழையில் வேலை திரும்பி வரும். புதுக் கட்டை போடுபவர் வார்னிஷில் ஊறவைத்த தேக்குத் துண்டைப் போடலாம்.

தகடு பெரும்பாலும் 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. கெட்ட பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி, அதே தடிமனில் துண்டு செய்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, புள்ளி புள்ளியாக இடம் மாற்றி மாற்றி வெல்டு செய்ய வேண்டும். ஒரே கோட்டில் ஓட்டினால் தகடு நெளியும். பட்டி என்பது முடி தடிமனுக்குத் தடவ வேண்டிய பொருள். விரல் தடிமனுக்கு அப்பும் டிங்கரிடமிருந்து வண்டியைக் காப்பாற்றுவதும் மீட்டெடுப்பில் சேர்த்திதான். பிலிப்பைன்ஸில் இந்த ஜீப்புக்குப் புதிய முழு பாடியே செய்து விற்கிறார்கள். பழையது கைவிட்டுப்போன நிலையில் அதுவும் ஒரு வழி. ஆனால் துளைகளும் தழும்புகளும் உள்ள மூலத் தகடு பாதி இருந்தாலும் அதை வைத்துக்கொள்வதே மதிப்பு.

பெயிண்ட்

இங்கே இந்திய வாசகர் ஒரு சுவரில் முட்டிக்கொள்வார். போர்க்கால ஜீப்பின் நிறம் பளபளப்பில்லாத ஆலிவ் பச்சை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி பாதுகாப்புத் துறையின் வாகனங்களைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. வரலாற்றுப்படி சரியான நிறம் சாலையில் சட்டப்படி தவறான நிறம் ஆகிவிடுகிறது. கொஞ்சம் மஞ்சள் கலந்து "இது ஆலிவ் அல்ல" என்று வாதிடுவதைவிட, ஜீப்பே உண்மையில் அணிந்த வேறு நிறங்களைத் தேடுவது மரியாதை. அமெரிக்கக் கடற்படையில் சாம்பல் நிற ஜீப்புகள் இருந்தன. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படையினர் மணல் நிறத்தில் ஓட்டினார்கள். வண்டி எஸ்டேட்டில் கழித்த ஐம்பது ஆண்டின் நிறம் பெயிண்ட் அடுக்குகளுக்குள்ளேயே இருக்கும். டேஷ்போர்டின் பின்புறம் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு நனைத்த மணல்தாளால் தேய்த்தால் மர வளையங்கள்போல நிறங்கள் வரிசையாகத் தெரியும்.

எந்த நிறமானாலும் அடித்தளம் ஒன்றே. துரு நீக்கி, பாஸ்பேட் கரைசல் பூசி, அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் வெறும் இரும்பை ஓர் இரவு விட்டாலே செந்நிறம் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் வேலையைத் தொடங்காமல் இருப்பது புத்திசாலித்தனம். கால்வாய்களின் உட்புறத்தில் மெழுகு கலந்த எண்ணெயைத் தெளிக்கலாம்.

பானெட்டில் எண் எழுத விரும்புபவர் அது 20 என்று தொடங்கும் என்பதை நினைவில் கொள்ளலாம். கால் டன் ஜீப் வகைக்கு அமெரிக்கப் படை கொடுத்த முன்னெண் அது.

சேர்த்தலும் முதல் ஓட்டமும்

ஆக்சில், பிரேக் குழாய், எஞ்சின், கியர் பாக்ஸ், வயரிங், பாடி என்ற வரிசையில் வண்டி மறுபடி எழும். பாடியை இறக்கும் முன்பே, வெறும் சேசிஸின் மேல் எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். கசிவு எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். கை எங்கும் எட்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகள் இல்லாமல் செல்ஃப் மோட்டாரைச் சுற்றி ஆயில் பிரஷர் முள் எழுவதைப் பார்க்க வேண்டும். முள் எழாமல் பிளக் மாட்டக் கூடாது. கிராங்க் கம்பியால் எழுப்புபவர் கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கம்பியைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். எஞ்சின் உதைத்தால் கம்பி கையிலிருந்து நழுவிப் போகும். கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருந்தால் மணிக்கட்டு எலும்பு அதோடு போகும்.

எஞ்சின் நின்றதும் கசிவு, ரேடியேட்டர் மட்டம், ஃபேன் பெல்ட் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, முதலில் தெருவுக்குள்ளேயே, மணிக்கு இருபது கிலோமீட்டரில் பிரேக் சோதனை செய்யலாம். ஒரு பக்கம் இழுத்தால் ஷூ சரிசெய்தலுக்குத் திரும்ப வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி நான்கு டிரம்மையும், ஆக்சிலின் நடுக்கூட்டையும் கையால் தொட்டுப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது ஷூ விடாமல் உரசுகிறது. டேஷ்போர்டில் ரிவிட் அடித்த பலகை மணிக்கு 65 மைல் வரை அனுமதித்தாலும், இந்த டிரம்களோடு இன்றைய நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

முதல் 500 கிலோமீட்டரில் எஞ்சின் எண்ணெயை மாற்றி, வடித்த எண்ணெயைத் துணியில் ஊற்றி உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டைகளின் யு போல்ட், பாடி போல்ட், ஸ்டியரிங் கை, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றை ஒரு சுற்று இறுக்க வேண்டும். டேப்பெட்டை மறுபடி அளக்க வேண்டும். சக்கர நட்டுகளையும் இறுக்க வேண்டும், இடப்பக்கம் இடஞ்சுழியாக.